போன் பையில இருக்கட்டும்

கடிதம்:

அக்கா வணக்கம். நான் பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். சனிக்கிழமை காலையில சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல ஒரு அடுக்குமாடி புளோக் கீழ தொடக்கநிலைப் பிள்ளைங்களுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தர்ற குழுவுல தொண்டூழியரா இருக்கேன். எங்க தமிழ் மன்றத்துக்கு வீடியோ எடுத்து எடிட் பண்றதும் நான்தான். இதனால படிப்புல ஜிபிஏ மார்க் ஏறுமான்னு அம்மா கேக்குறாங்க. ஆனா என் குழப்பம் வேற. தொடக்கநிலை 2 பையன் ஒருத்தன் 'பழம்'ங்கறத 'பலம்'னே வாசிச்சிட்டு இருந்தான், மூணு வாரம் கழிச்சு திடீர்னு சரியா சொல்லிட்டான். எனக்கு உடனே வந்த நினைப்பு, ஐயோ ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டோமேன்னுதான். திரும்பச் சொல்லச் சொல்லி போனைத் தூக்கினேன், அவனுக்கு வரல. வீடு வர்ற வரைக்கும் மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் பிள்ளைங்களுக்காகப் போறேனா வீடியோவுக்காகப் போறேனா? ஏதாவது ஒண்ணை விட்டுடணுமா? பேர் போட வேணாம்க்கா.

பதில்:

அன்புத் தங்கச்சி, ரெண்டையும் விடாதீங்க. அன்னிக்கு மனசு ஒரு மாதிரி ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு உங்க கடிதத்துலயே பெரிய விஷயம் அதுதான்.

நான் படிக்கும்போது காலேஜ் இதழுக்கு எழுதுவேன். தேக்காவுல பூ கட்டி வித்துட்டு இருந்த ஒரு தாத்தாவைப் பேட்டி எடுக்கப் போனேன். அவரு துறைமுகத்துல மூட்டை தூக்கின காலத்துலேர்ந்து ஆரம்பிச்சு அரைமணி நேரம் பேசுறாரு, நான் அடுத்த கேள்வி என்னன்னு பேப்பரைப் பாத்துக்கிட்டே தலையாட்டுறேன். இதழ் அச்சாகி வந்தப்போ பேரே தப்பு, 'ஆண்டி'ன்னு முடிய வேண்டிய பேரை நான் 'சாமி'ன்னு முடிச்சிருந்தேன். பிரதியை எடுத்துக்கிட்டு பயந்துபோய் நின்னேன். அவரு கோவிக்கல, பேனா இருக்காம்மான்னு கேட்டாரு. சாமியை ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு மேல ஆண்டின்னு நிதானமா எழுதினாரு, பூ கட்டின ஈரக்கை பட்டு மை கொஞ்சம் பரவிடுச்சு. பேரப்புள்ளைக்குக் காட்டணும்லன்னு சொல்லி மடிச்சு காசு டப்பாவுல வெச்சுக்கிட்டாரு. அன்னையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் யாரோட பேரை எழுதினாலும் அவங்க முன்னாடியே படிச்சுக் காட்டிட்டுதான் அடுத்த கேள்விக்குப் போவேன்.

எனக்குப் பேட்டி எடுக்க உண்மையில சொல்லிக் குடுத்தது தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்தான். பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு பக்தர்கள் நடக்கற தூரம் சுமார் 4 கிலோமீட்டர், நடுவுல தண்ணி குடுக்க நிப்போம். வாயில அலகு குத்தினவங்களால கேக்க முடியாது, அவங்க கண்ணையும் கூட வர்றவங்க முகத்தையும் பாத்துதான் என்ன வேணும்னு தெரிஞ்சுக்கணும். ஒருத்தர் பேசாம நிக்கும்போது அவசரப்படாம காத்திருக்கறதை அங்கதான் பழகினேன், பின்னாடி மைக்கைப் பிடிச்சப்போ அது எவ்வளவோ உதவுச்சு.

பள்ளிகள்ல 1997ல சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தப்போ வருஷத்துக்கு 6 மணி நேரம்னு கணக்கு வெச்சாங்க. 2012ல அதை விஐஏ, அதாவது 'வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்'னு மாத்தினப்போ எத்தனை மணி நேரம்ங்கறதைவிட செஞ்சதுல மாணவர் என்ன யோசிச்சாங்கங்கறதுக்கு முக்கியத்துவம் குடுத்தாங்க. நீங்க வீடு வர்ற வழியில யோசிச்சுட்டு வந்தது அதேதான், யாரும் படிவம் நீட்டிக் கேக்காமலே.

தொண்டும் மீடியாவும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நினைச்சிடாதீங்க. 1935ல தமிழ் முரசு ஆரம்பிச்ச கோ. சாரங்கபாணி, 1950கள்ல மலாயா பல்கலைக்கழகத்துல தமிழுக்கு இடம் வேணும்னு 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டு அதே பத்திரிகையில எழுதினாரு, சாதாரண தொழிலாளிங்க கையிலேர்ந்து காசு வந்துச்சு. எழுதறவன் நமக்காகத்தான் எழுதறான்னு சனங்க நம்புனாதான் அது நடக்கும், அந்த நம்பிக்கை ஒருநாள்ல வராது. நீங்க வாராவாரம் தவறாமப் போறது அப்படிப்பட்ட வேலைதான்.

அதனால வரிசையை மட்டும் மாத்துங்க. வகுப்பு முடியுற வரைக்கும் போன் பையில இருக்கட்டும். எடுக்கணும்னா அதுக்குன்னு ஒரு நாள் வெச்சு, பெத்தவங்ககிட்ட முன்னாடியே கேட்டு எடுங்க, எடிட் பண்ணினதை மன்றத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. ஒரு பிள்ளை முகத்தைச் சுளிச்சா அந்த ஷாட்டை வெட்டிடுங்க, எவ்வளவு நல்ல ஷாட்டா இருந்தாலும் சரி.

அம்மா கேக்குறதும் நியாயம்தான். பரீட்சை நேரத்துல ரெண்டு வாரம் லீவு எடுங்க, ஆனா குழுவுல முன்கூட்டியே சொல்லிடுங்க, ஏன்னா பிள்ளைங்க உங்களைத் தேடும். முடிஞ்சா ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டுப் போய் ஓரமா ஒரு நாற்காலியில உக்கார வையுங்க.

அந்தப் பையன்கிட்ட மட்டும் இந்த வாரமே பேசிடுங்க. அன்னிக்கு உன்னைத் திரும்பச் சொல்லச் சொன்னது எனக்காகத்தான், சாரிடான்னு சொல்லுங்க, அவனுக்குப் புரியும். அப்புறம் பழத்தை விட்டுட்டு வாழைப்பழத்துக்குப் போங்க, அதுல ரெண்டு ழ இருக்கு.