மலேசியாவில் குளிர் நாளில் நண்பர்களோடு சைக்கிளில் மலையேறலாமா? ஏறியவர்கள் சொல்லுங்களேன்

ஏறலாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சைக்கிளில் போகிற கூட்டம் எங்களுடையது. கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்: ஏற்றம் தாங்குமா, குளிருக்கு என்ன உடுத்துவது, விலை கூடிய சைக்கிள் வேண்டுமா. எல்லாரும் முதல் கேள்விக்குத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் ஏற்றத்தில் ஒரு பயமும் இல்லை. குளிரும் ஆபத்தும் இறக்கத்தில்தான் இருக்கின்றன.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். தாப்பா பேராக் மாநிலத்தில் இருக்கிற சின்னப் பட்டணம். சுற்றிலும் தோட்டங்கள்; முன்பு பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் பாமாயில் தருகிற செம்பனை. கூட்டரசுச் சாலை 59 இங்கிருந்து கிளம்பி ரிங்லெட் என்ற சிற்றூர் வழியாக, கேமரன் மலையின் முக்கிய ஊரான தானா ராத்தாவுக்கு ஏறுகிறது. தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 1,400 மீட்டர். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு மீட்டர் தூரம் போனால் சராசரியாக இரண்டரை மீட்டர்கூட உயர்வதில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சாலை, நெட்டுக்குத்தாக ஏறாமல் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. கூடவே வருகிறவனோடு பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில் போனால், தினமும் கொஞ்சம் சைக்கிள் ஓட்டுகிற எவரும் ஏறிவிடலாம். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால், வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். இப்போது ஒருவர் லோரி ஓட்டுகிறார், ஒருவன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒருவன் ஈப்போவில் வேலை. எங்கள் அப்பாக்களுக்குச் சைக்கிள் என்றால் விடியுமுன் பால்மரம் சீவப் போகவும் பால் வாளியைத் தொங்கவிட்டுக் கொண்டுவரவும்தான். அதனால் நாங்கள் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து லோரிக்கார அண்ணனின் அம்மா கேட்பார்: "சாமான் எதுவும் ஏத்தாம, சும்மா எதுக்குடா மலைக்குப் போறீங்க?" இதற்கு இன்னும் யாரிடமும் பதில் இல்லை.

நான் சொல்ல வருவது ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவே பிடித்த தூறல் விடவில்லை. போவதா வேண்டாமா என்று நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையில் பசியாறிக்கொண்டே வாதாடினோம். அண்ணன் எழுந்து ஹெல்மெட்டை மாட்டினார், வாதம் முடிந்தது. இங்கே டிசம்பரில் ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். அதற்குமுன் கிளம்புவதானால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும்.

ஊரைத் தாண்டியதும் ஓராங் அஸ்லி என்கிற பழங்குடி மக்களின் கிராமங்கள் வரும். சாலையோரக் கொட்டகைகளில் பெத்தாய் (ஒருவகைக் காட்டு அவரை), காட்டுத் தேன், மூங்கில் குருத்து தொங்கும், அதெல்லாம் பருவத்தைப் பொறுத்தது. அதற்கப்புறம் லாத்தா இஸ்கண்டார் அருவி. அங்கே நின்று வாழைப்பழம் சாப்பிட்டோம். மழையில் அருவி சாலைக்கே சாரல் அடித்தது. எங்கள் முதுகிலிருந்து ஆவி பறந்தது, அதைக் கைப்பேசியில் படம் எடுக்க ஆசிரியர் படாதபாடு பட்டான்.

இந்த ஆவியில்தான் விஷயம் இருக்கிறது. மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் கால்பங்கு அளவுதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதனால் ஏறும்போது குளிரே தெரியாது, உள்ளே போட்டிருக்கிற பனியன் வேர்வையில் நனைந்துவிடும். அதே சமயம் ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை அரை டிகிரிக்கு மேல் இறங்கிக்கொண்டே போகிறது. தாப்பாவில் விடியற்காலை 24 டிகிரி என்றால் தானா ராத்தாவில் அதைவிட எட்டு ஒன்பது டிகிரி குறைவு. ஐரோப்பாக்காரன் இதைக் கேட்டுச் சிரிப்பான். ஆனால் நனைந்த பனியனோடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் இறங்கிப் பார்த்தால் சிரிப்பு வராது.

பகாங் மாநில எல்லையைத் தாண்டி ரிங்லெட் வந்ததும் தோசைக்கும் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீருக்கும் உட்கார்ந்தோம். கடைக்கார அக்கா தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவராம். நாங்கள் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்து, "இதெல்லாம் குளிரா தம்பி? எங்க சின்ன வயசுல வந்திருக்கணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இந்த மலையில்தான்: 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி, 7.8 டிகிரி.

ரிங்லெட்டுக்கு அப்புறம் ஏரிக்கரை. சாலை சற்று இளைப்பாற விடும். அங்கிருந்து ஒரு கிளை ‘போ’ (BOH) என்ற தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகிறது. ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் 1929-இல் தொடங்கிய தோட்டம், இந்த மலைச் சரிவுகளில் தேயிலை பறித்த கைகளில் பெரும்பங்கு நம்மவர்களுடையது. கால் தெம்பு இருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள், ஆனால் அந்தக் கிளைச்சாலை குறுகல், கார்கள் அதிகம். நாங்கள் நேராக ஏறிவிட்டோம். தானா ராத்தாவுக்கு முந்தைய பகுதிதான் மொத்தப் பாதையிலும் கொஞ்சம் செங்குத்து. அங்கே இறங்கித் தள்ளினாலும் ஒன்றும் குறைந்துவிடாது, ஈப்போக்காரன் தள்ளித்தான் வந்தான். ஸ்ட்ராபெர்ரிக் கடைகளில் நிற்காதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். புளிப்புக்கு அவ்வளவு காசு தேவையில்லை.

இப்போது இறக்கம். மலைக்கு மேலே போனதும் முதல் வேலை, ஈர பனியனைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போடுவது. ஒரு பனியனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோனால் போதும், கம்பளிச் சட்டையெல்லாம் சுமக்க வேண்டாம். அதற்குமேல் காற்றுப் புகாத மெல்லிய மழைச்சட்டை. மழைச்சட்டை கொண்டுவராத ஈப்போக்காரனுக்கு அண்ணன் அன்றைய தமிழ்ப் பேப்பரை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் திணித்துவிட்டார். இது பழைய சைக்கிள் பந்தயக்காரர்களின் வித்தை, நன்றாகவே வேலை செய்யும். கீழே வந்து பார்த்தால் அவன் பனியனில் பாதி ராசிபலன் அச்சாகியிருந்தது.

நெஞ்சைவிட முக்கியம் விரல்கள். பிரேக்கை அழுத்துவது விரல்தானே? முதல் சில வளைவுகளிலேயே என் விரல்கள் முருங்கைக்காய் மாதிரி விறைத்துக்கொண்டன. நின்று கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் இறங்கினேன். ஆசிரியர் மட்டும் தானா ராத்தா மளிகைக் கடையில் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை வாங்கி, சைக்கிள் கையுறைக்குமேல் மாட்டியிருந்தான். மஞ்சள் கலரில் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் எங்களில் சுகமாக இறங்கியவன் அவன் ஒருவன்தான். உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்புகிற நாடு நம்முடையது, பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தோன்ற இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம்மில் உரசுகிற பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னாலேயே, சாலை நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். மழையில் இன்னொன்று: பிடித்தவுடன் பிடிக்காது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி ரிம்மிலிருக்கிற தண்ணீர் வழிந்த பிறகுதான் பிரேக் கட்டை பற்றும். டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு. காய்கறி லோரிகள் குறுகிய வளைவில் நடுக்கோட்டைத் தாண்டித்தான் திரும்பும், வேறு வழியில்லை என்று லோரிக்கார அண்ணனே சொல்கிறார். அதனால் இடப்பக்கத்தை விடாதீர்கள். ஒருவர் பின் ஒருவராக, நடுவில் நல்ல இடைவெளி விட்டு இறங்குங்கள். எங்கே கூடுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், எங்களுக்கு லாத்தா இஸ்கண்டார். வளைவில் நின்று பின்னால் வருகிறவனைத் தேடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்.

சைக்கிளைப் பற்றி: விலை முக்கியமில்லை. பின்சக்கரத்தின் பெரிய கியரில் 32 பல்லோ அதற்கு மேலோ இருந்தால் முழங்கால் பிழைக்கும். புது பிரேக் கட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். மழைநாளில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். அண்ணன் ஓட்டுவது கடையில் வாங்கிய பழைய சைக்கிள், எங்கள் எல்லாருக்கும் முன்னால் அதுதான் போகிறது.

எப்போது வருவது? மலையில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், அதனால் ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். பள்ளி விடுமுறையிலும் சீனப் பெருநாளிலும் இந்தச் சாலைப் பக்கமே வராதீர்கள், சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டும். அந்த நாட்களில்தான் முடியும் என்றால் ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து, கேமரன் மலையின் வடக்கிலுள்ள கம்போங் ராஜாவுக்கு ஏறுங்கள். அது அகலமான புதுச் சாலை, ஏற்றமும் சீரானது. ஆனால் நிழல் குறைவு, நடுவில் வெகுதூரத்துக்குக் கடை கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும்.