மொட்டை மேட்டில் மரம் நடலாமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மன்னவனூர்ப் பக்கம் மொட்டையாகக் கிடக்கும் புல்மேட்டில் ஐந்நூறு மரக்கன்று நடப் பணம் சேர்த்திருக்கிறோம். மரம் வளர்ந்தால் பாடும் பறவைகளும் வரும்தானே? என்ன கன்று வாங்கலாம்?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: இன்னும் வாங்கவில்லையே? நல்லதாகப் போயிற்று. அந்த மேட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். பெயர் நீலகிரி நெட்டைக்காலி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, தவிட்டு நிறம், முதுகில் கருங்கீற்று. போன ஜனவரியில் காலை ஏழு மணிக்கு, புல்லெல்லாம் பனியில் வெளுத்திருந்தபோது, எனக்குப் பத்தடி முன்னால் போனது. தத்தவில்லை, நடந்தது. ஒவ்வொரு புல்கொத்தின் அடியிலும் நின்று பூச்சி தேடியது. கூடு வைப்பதும் தரையில், புல் மறைவில்தான். தென்னிந்தியாவின் உயரமான மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. மரம் நிழல் கட்டினால் புல் சாகும். அப்புறம் அது எங்கே போகும்?

'மொட்டை' என்கிறீர்களே, அந்தச் சொல்தான் வினை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இந்தப் புல்லைத் தரிசுக் கணக்கில் எழுதினார்கள். தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை வந்தது (தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் இல்லை, 'வாட்டில்' என்கிற வெளிநாட்டு மரம்), யூகலிப்டஸ், பைன் எல்லாம் வந்தன. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத்தோட்டமும் விவசாயமும் தின்றது அவ்வளவு.

நானும் யோக்கியனில்லை. 1984இல் கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில் சீகைக் கன்று நட்டு, வடையும் டீயும் சாப்பிட்டுக் கைதட்டு வாங்கி இறங்கியவன்தான். சமீபத்தில் அந்தச் சரிவைத் தேடிப் போனேன். பட்டப்பகலில் இருட்டு. காலடியில் சருகு, ஒரு புல் இல்லை.

சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கும். வெட்டினாலும் எரித்தாலும் அடுத்த மழைக்கு முளைத்துவிடும். ஆகவே, வனத்துறையிடம் அனுமதி வாங்கி, புல்லுக்குள் தலைகாட்டும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கப் போங்கள். முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் மழை பெய்த மறுநாள் கையோடு வரும். வளர்ந்த சீகைத் தோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் நிழலில் சோலை, அதாவது இந்த மலையின் இயற்கைக் காட்டு, மரக்கன்றுகள் முளைத்திருக்கலாம், விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

நட்டே தீருவோம் என்றால் வீட்டு வேலியோரம் தவிட்டுப்பழச் செடி வையுங்கள். பழனிச் சிரிப்பான் என்ற பறவை கொடைக்கானல் தோட்டங்களுக்குள் தாராளமாக வரும். விடியற்காலையில் அது போடும் சத்தத்தைப் பாட்டு என்பீர்களா என்பது உங்கள் பாடு.