மிஷனரிகளை 'ஊக்கப்படுத்துவது' என்றால் என்ன?

சபையில் 'வெளிநாட்டு மிஷனரிகளை ஊக்கப்படுத்துங்கள்' என்கிறார்களே, அதன் அர்த்தம் என்ன என்பது கேள்வி. தூர தேசத்தில் ஊழியம் செய்கிறவர் சோர்ந்துபோகாதபடி கூட நிற்பதுதான் அது. ஒரு கடிதம், ஒரு ஜெபம், ஒரு போன் அழைப்பு போதும்.

ஏன் தேவை? பலன் அவ்வளவு மெதுவாக வரும். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். கிருஷ்ண பால் என்ற முதல் இந்துவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். ஏழு வருடம்! வீட்டுக் கடிதம் கப்பலில் வரவே மாதக்கணக்காகும். 1812இல் கொழும்புக்கு வந்த மிஷனரி ஜேம்ஸ் சேட்டரும் அப்படித்தான் காத்திருந்திருப்பார். இங்கிலாந்தில் இருந்தபடியே கேரியைத் தாங்கியவர் ஆண்ட்ரூ ஃபுல்லர், 1815இல் இறக்கும்வரை.

வெள்ளவத்தையில் இருக்கும் அம்மா, கட்டாரில் வேலை செய்யும் மகனுக்கு இரவில் போன் எடுத்து 'சாப்பிட்டியா?' என்று கேட்பாரே, அதே மாதிரி. அந்தக் கேள்வியால் அவனுடைய வேலை குறையாது. ஆனாலும் விடிய எழும்பிப் போவான்.

சரி, இதைப் பாராட்டு என்று நினைப்பவர்கள் பலர். அது அல்ல. வேதாகமத்தில் 'ஆறுதலின் மகன்' என்று பெயர் பெற்ற பர்னபா, ஊழியப் பயணத்தில் பாதியில் திரும்பிப்போன மாற்குவைத்தான் மறுபடி கூட்டிப்போனார். அங்கே பாராட்ட ஒன்றும் இருக்கவில்லை.