பெண்களுக்கு எடைப் பயிற்சி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். "ஒல்லியாக வேண்டும், ஆனால் தொளதொளவென்று இருக்கக் கூடாது, உடம்பு கட்டாக இருக்க வேண்டும்" என்று கேட்டு வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு என்று ஏதாவது இருந்தால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி (27 வயது, ஐடி வேலை, சென்னை): அக்கா, வெயிட் தூக்கினால் கை கால் எல்லாம் ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். ட்ரெட்மில் மட்டும் போதாதா?

ஆகாது. தசை பெருப்பதற்கு முக்கியமான ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட நமக்குக் கிடையாது. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பாருங்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது அவர் போட்டியிட்டது 49 கிலோ பிரிவில். தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியது 115 கிலோ. வருடக்கணக்கில் காலையும் மாலையும் அதையே வேலையாகச் செய்தவர், அப்படியும் 49 கிலோவில்தான் இருந்தார். வாரம் மூன்று நாள் பத்து கிலோ டம்பெல் எடுக்கும் உங்களுக்கு என்ன பயம்? முதல் ஒரு வருடத்தில் மாதம் அரைக் கிலோ தசை கூடினாலே அது நல்ல முன்னேற்றம்.

ட்ரெட்மில் இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் தோளுக்கும் முதுகுக்கும் தொடைக்கும் வடிவம் கொடுப்பது தசை. அது எடை தூக்கினால்தான் வளரும்.

கேள்வி (33 வயது, இல்லத்தரசி, சேலம்): ஒரு வருடமாகத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். 6 கிலோ குறைந்தது. ஆனாலும் வயிறு அப்படியே இருக்கிறது, கை தொங்குகிறது, எப்போதும் அசதி. என்ன தப்பு செய்கிறேன்?

உங்கள் உழைப்பில் குறை இல்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழியில்தான் குறை. எனக்கு மிகவும் ஆதங்கமாக இருப்பதும் இந்த விஷயத்தில்தான். பெண்களிடம் எல்லோரும் சொல்வது "கம்மியாகச் சாப்பிடு, நிறைய நட" என்பது மட்டுமே.

சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாது, தசையையும் சேர்த்தே கரைக்கும். புரதம் போதாமல், தசைக்கு வேலையும் இல்லாமல் இருந்தால் அந்த இழப்பு இன்னும் அதிகம். உங்களுக்குப் போன 6 கிலோவில் கணிசமான பங்கு தசையாக இருக்கலாம். அதனால்தான் எடை குறைந்தும் உடம்பு கட்டாகத் தெரியவில்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதில் புரதம் இருக்கட்டும். நடையை அரை மணி நேரமாக்குங்கள். மிச்ச நேரத்தில், வாரம் மூன்று நாள், எடைப் பயிற்சி. இரண்டு மாதம் எடை குறைக்கும் எண்ணமே வேண்டாம். அப்புறம் ஒரு நாளைக்கு 300 முதல் 400 கலோரி மட்டும் குறையுங்கள். வாரம் கால் கிலோ இறங்கினால் போதும்.

அசதிக்கு ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! என்னிடம் வருபவர்கள் மூச்சு வாங்குகிறது என்றால் நான் முதலில் கேட்பது ரத்தப் பரிசோதனையைத்தான். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேராமல் போகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூடுதலாகச் சேரும்.

கேள்வி (41 வயது, ஆசிரியை, கும்பகோணம்): நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தினமும் சாம்பார், தயிர் இருக்கிறது. புரதம் போதும்தானே?

போதாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், டீச்சர். நாலு இட்லியில் 8 கிராம். ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் பருப்பு கொஞ்சம்தான், 3 கிராம் தேறினால் பெரிது. மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர் எல்லாம் சேர்த்து 15 கிராம் வரும். காபியில் 3. ராத்திரி மூன்று தோசையும் சட்னியும் 10. மொத்தம் 39 கிராம்தான் தேறுகிறது.

பயிற்சி ஏதும் செய்யாத ஒருவருக்கே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ என்றால் 50 கிராம். எடைப் பயிற்சி செய்து தசை வளர வேண்டும் என்றால் கிலோவுக்கு 1.6 கிராம் வரை போகலாம், அதாவது 60 கிலோவுக்கு 96 கிராம்.

சைவத்திலேயே அதை நெருங்கலாம். காலையில் 75 கிராம் பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்து இரண்டு தோசை, ஒரு டம்ளர் பால்: 26 கிராம். மதியம் ஒரு கப் சாதம், 40 கிராம் பருப்பு போட்ட கெட்டியான கூட்டு, 30 கிராம் மீல்மேக்கர் வறுவல், ஒரு கிண்ணம் தயிர்: 34. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 8. ராத்திரி இரண்டு சப்பாத்தி, 100 கிராம் பனீர்: 24. கூட்டினால் 92 கிராம், 1,700–1,800 கலோரிக்குள் முடிந்துவிடும். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுச் செய்தால் அந்தப் பச்சை வாசனை போய்விடும்.

எண்ணெயை மட்டும் கண்ணளவில் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். ஒரு பெரிய ஸ்பூன் 120 கலோரி. நிலக்கடலையில் புரதம் உண்டு, ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் சுலபம். மூன்று முட்டையில் 18 கிராம், 100 கிராம் மத்தி அல்லது அயிலையில் 20 கிராம் வரை கிடைக்கும். மத்தி விலையும் குறைவு.

கேள்வி (பலர் கேட்டது): அரிசிச் சோற்றை அடியோடு விட வேண்டுமா?

வேண்டாம். அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குத் தெம்பு அதில்தான் வருகிறது.

கேள்வி (29 வயது, திருச்சி): வயிறு மட்டும் குறைய எந்த எக்சர்சைஸ்?

அப்படி ஒன்று இல்லை. ஒரு நாளைக்கு 200 க்ரஞ்ச் எடுத்தாலும் வயிற்றுத் தசைதான் வலுவாகும், அதற்கு மேல் இருக்கும் கொழுப்பு அங்கே மட்டும் தனியாகக் கரையாது. உடம்பு முழுவதும் குறையும்போது வயிறும் குறையும், பெரும்பாலும் கடைசியில்தான். எந்த இடத்தில் முதலில் குறையும் என்பது பரம்பரை.

கேள்வி (36 வயது, திருநெல்வேலி): எங்கள் பக்கத்தில் பெண்களுக்கென்று ஜிம் இல்லை. வீட்டில் டம்பெல்லும் இல்லை. என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். 5 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு எடுங்கள். தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் 5 கிலோ, மணல் நிரப்பினால் 8 கிலோ வரை வரும். ஸ்கூல் பையில் அரிசி மூட்டையை வைத்து மாட்டிக்கொள்ளலாம். 20 லிட்டர் தண்ணீர் கேனில் பாதி நிரப்பினால் 10 கிலோ.

ஐந்து பயிற்சிகள் போதும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்வதுபோல் இறங்கி எழும் ஸ்குவாட். கேன்களைப் பிடித்துக்கொண்டு ரொமேனியன் டெட்லிஃப்ட். கட்டிலில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் கேனை இடுப்புப் பக்கம் இழுக்கும் ரோ. புஷ்-அப், முதலில் சமையல் மேடையில் கை வைத்து, பிறகு கட்டில் விளிம்பில், அப்புறம் தரையில். கடைசியாக, சோபாவில் முதுகைச் சாய்த்து மடியில் அரிசி மூட்டையை வைத்து இடுப்பைத் தூக்கும் ஹிப் த்ரஸ்ட். ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. வாரம் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள்.

டெட்லிஃப்டில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவுதான். முட்டியை லேசாக மடக்கி அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். கேன் தொடையை உரசியபடியே கீழே போகட்டும். முதுகு வளையக் கூடாது. பின்தொடை இழுப்பது தெரிந்ததும் நிறுத்தி, குதிகாலைத் தரையில் அழுத்தி எழுந்திருங்கள். கீழ்முதுகில் பிடித்தால் தேவைக்கு மேல் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு எடை என்று கேட்பீர்கள். கடைசி இரண்டு முறை தூக்கும்போது வேகம் தானாகக் குறைய வேண்டும், முகம் மாற வேண்டும். 12 முடித்த பிறகும் இன்னும் பத்து செய்யலாம் போலிருந்தால் அது உங்களுக்கு எடையே இல்லை. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் மணல் சேருங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எடை ஏறாத பயிற்சியில் உடம்பும் மாறாது.

கேள்வி (24 வயது, கோவை): பிசிஓஎஸ் இருக்கிறது. எனக்கு எடை குறையவே குறையாது என்கிறார்கள்.

குறையும், மெதுவாக. பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பலருக்கு, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்வது தசைதான், அதனால் எடைப் பயிற்சி உங்களுக்கு மற்றவர்களைவிட அவசியம். எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகத் தொடங்கும். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோவிலிருந்தே பலன் தெரியலாம். இன்சுலின் நன்றாக வேலை செய்யக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி (31 வயது, ஈரோடு): சிசேரியன் ஆகி ஐந்து மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன். அம்மா வயிற்றில் துணி கட்டச் சொல்கிறார்கள். எப்போது ஆரம்பிக்கலாம்?

துணி கட்டினால் எழுந்து நடக்க ஒரு பிடிமானம் கிடைக்கும், கொழுப்பு குறையாது. டாக்டர் சரி என்று சொல்லியிருந்தால் இப்போதே ஆரம்பிக்கலாம், ஆனால் சிட்-அப்பில் அல்ல. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் இருந்தாலோ, வயிறு கூரை போல் எழும்பினாலோ வயிற்றுத் தசை விலகியிருக்கிறது. அதற்கு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். தும்மும்போது சிறுநீர் கசிந்தால் அதையும் அவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடிய விஷயம் அது, "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பால் கொடுக்கும்போது தினமும் 500 கலோரிக்கு மேல் கூடுதலாகத் தேவை. டயட் இப்போது வேண்டாம். மூச்சுப் பயிற்சி, இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், வெறும் ஸ்குவாட், நடை. இவ்வளவு போதும்.

கேள்வி (58 வயது, மதுரை): இந்த வயதில் எனக்கு வெயிட்டெல்லாம் தேவையா? முட்டி வலி வேறு.

அம்மா, இங்கே கேட்டவர்களில் அதிகம் தேவைப்படுவது உங்களுக்குத்தான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நல்ல கனமான எடைகளைத் தூக்கியது. எட்டு மாதத்தில் அவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி ஏறியது. வீட்டில் லேசாகச் செய்த குழுவுக்கு இறங்கியது.

நீங்கள் நாற்காலியில் தொடங்குங்கள். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, 8 முறை. வலி கூடினால் நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்குங்கள். தொடைத் தசை பலமானால் முட்டியின் மேல் விழும் பாரம் குறையும். மூச்சை அடக்காதீர்கள், எழும்போது விடுங்கள். முட்டி வீங்கியிருந்தால் முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (22 வயது, கல்லூரி மாணவி): 1,000 கலோரி டயட், காலையும் மாலையும் ஓட்டம். நன்றாக ஒல்லியாகிவிட்டேன். மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. வசதிதானே?

இல்லை தங்கச்சி. உயிர் வாழத் தேவையான சக்தியே போதவில்லை என்று உடம்பு மாதவிடாயை நிறுத்தி வைத்திருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் குறையும், அதுவும் எலும்பு பலப்பட வேண்டிய இந்த வயதில். இந்த வாரமே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள், கலோரிக் கணக்கை அப்படியே சொல்லுங்கள். ஓட்டத்தை நிறுத்துங்கள், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுங்கள். சாப்பிடப் பயமாக இருந்தால் அதையும் டாக்டரிடமோ வீட்டில் நம்பகமான ஒருவரிடமோ சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்காகும்வரை எடை குறைப்பதைப் பற்றி நாம் பேசவே வேண்டாம்.

கேள்வி (30 வயது, செவிலியர்): புரோட்டீன் பவுடர், கிரியாட்டின் எல்லாம் சாப்பிடலாமா? கிட்னி போய்விடும் என்கிறார்களே?

ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இந்த அளவுப் புரதத்தால் கேடு இல்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. வே புரோட்டீன் என்பது பாலில் இருந்து எடுத்தது, ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். சாப்பாட்டில் எட்டாவிட்டால் மட்டும் எடுங்கள். கிரியாட்டின் என்பது தசைக்குச் சக்தி கொடுக்க உதவும் பொருள், தினமும் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம். தசைக்குள் நீர் சேர்ந்து முதலில் ஒரு கிலோ கூடலாம், அது கொழுப்பு இல்லை. நைட் ஷிஃப்ட் பார்க்கிறீர்கள் என்றால் பவுடரைவிடத் தூக்கத்துக்கு முதலிடம் கொடுங்கள்.

கேள்வி (38 வயது, வேலூர்): எத்தனை நாளில் தெரியும்? ஆறு வாரமாகிறது, எடை 300 கிராம்தான் குறைந்திருக்கிறது.

எடை மெஷின் முழுக்கதையும் சொல்லாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தங்கியே பலருக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து, மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம், மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நம்மூர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

முதல் ஒரு மாதம் பலம் கூடுவதுதான் தெரியும். ரவிக்கை தோளில் பிடிப்பதும் இடுப்பில் தளர்வதும் மூன்றாம் மாதத்தை ஒட்டித் தெரியும். 12 வாரம் முடிந்தும் இடுப்பளவு குறையாமல், நோட்டில் எடையும் ஏறாமல் இருந்தால், ஒரு வாரம் சாப்பிட்டது அத்தனையும், காபியில் போட்ட சர்க்கரை உட்பட, எழுதி அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.