அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் 38 வயதில் நுழைந்த கியூபா பந்துவீச்சாளர் யார்? அந்த வயதில் புதிதாகத் தொடங்க முடியுமா?

அவர் பெயர் கொன்ராடோ மரேரோ. வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக 1950 ஏப்ரல் 21இல் முதல் ஆட்டம் ஆடினார். 39 நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் ‘புதிதாக’ என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அது சுருக்கென்று தைத்துவிட்டது. உங்களுக்கும் நாற்பது நெருங்குகிறதோ என்னவோ.

நான் 41 வயதில் குடும்பத்தோடு டொரண்டோவுக்கு வந்தவன். அதற்கு முன் திருச்சியில் பதினேழு வருஷம் கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கைப் பரிசோதிக்கும் வேலை. எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்தால் போதும், மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. இங்கே நேர்காணலுக்குப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: “கனடிய அனுபவம் உண்டா?” எட்டு மாதம் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். (கிடங்கு வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, அதுதான் சோறு போட்டது.) ஒருநாள் ரெஸ்யூமேயில் படிப்பு முடித்த வருஷத்தை அழித்தேன். வயது தெரியக் கூடாதே! அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சில வருஷம் கழித்து, வேலையெல்லாம் ஒருவழியாக அமைந்த பிறகு, கியூபாவின் வரடேரோ கடற்கரைக்கு மலிவு விலைப் பயணம் போனோம். இடையில் ஒரு நாள் ஹவானா. அங்கே சென்ட்ரல் பூங்காவில் மரத்தடியில் இருபது பேர் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் விரலை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அடிதடி என்று பயந்து மகளை இழுத்துக்கொண்டேன். வழிகாட்டி சிரித்தார். பேஸ்பால் பேச்சாம். அந்த இடத்துக்குப் பெயரே ‘சூடான மூலை’. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத நல்ல பந்துவீச்சாளர் யார் என்று கேட்கச் சொன்னேன். ஒரு பெரியவர் சுருட்டை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பை முறுக்கி, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று, இல்லாத பந்தை மெதுவாக விட்டார். சுற்றி நின்றவர்கள் “மரேரோ!” என்று கத்தினார்கள்.

ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். 1911இல் சாகுவா லா கிராண்டே பக்கம் லபெரிந்தோ என்ற பண்ணையில் பிறந்தவர். பட்டப்பெயரே ‘லபெரிந்தோவின் நாட்டுப்புறத்தான்’. பதிவேட்டில் உயரம் 5 அடி 5 அங்குலம். வேகம் கிடையாது, வளைவும் ஏமாற்றும்தான். 1941 அமெச்சூர் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், ஹவானா ரசிகர்கள் முன்னாலேயே வெனிசுவேலாவின் பந்துவீச்சாளர் கானோனிகோவிடம் தோற்றார். மறுவருஷம் பழி தீர்த்தார். பிறகு மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை லீக்கில் ஆடிய ஹவானா கியூபன்ஸ் அணியில் 1947இல் 25 வெற்றி, 6 தோல்வி; 1949இல் 25 வெற்றி, 8 தோல்வி. இதற்குப் பிறகுதான் வாஷிங்டன் அவரைக் களத்தில் இறக்கியது. ஆக, அவர் எங்கே புதிதாகத் தொடங்கினார்? வாசலில் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்குத்தான் அன்று தொடங்கியது.

1951 ஏப்ரலில் பிலடெல்பியா அணிக்கு ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டுத் தளம் சேர்வது) மட்டும் கொடுத்து ஜெயித்தார். அந்த ஒன்றும் ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி! அதே வருஷம் நாற்பது வயதில் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்த ஆல் ஸ்டார் அணியில் இடம். 1952இல் 11 வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ஓட்டம் 2.88 (இது குறையக் குறைய நல்லது). மொத்தக் கணக்கு 39 வெற்றி, 40 தோல்விதானே என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அந்த அணி எட்டில் ஐந்தாவது, ஏழாவது என்று கிடந்த அணி என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் வெள்ளையர், அதனால்தான் கதவு திறந்தது என்பீர்கள். அதையும் மறுக்கவில்லை. மார்ட்டின் டிஹிகோ போன்ற கறுப்பின கியூபர்களுக்கு அந்தக் கதவு கடைசிவரை திறக்கவே இல்லை. மரேரோ ஆடிய கியூபா அமெச்சூர் லீக்கும் கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளாததுதான். என் கதையையும் அவர் கதையையும் ஒன்றாக்கவும் இல்லை.

அமெரிக்கப் பத்திரிகைகள் அவர் வயதை ஆளுக்கொன்றாகக் குறைத்துப் போட்டன என்று படித்தபோது மட்டும், அந்த ரெஸ்யூமே ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

மேஜர் லீக்கின் பழைய ஆட்டக்காரர்களுக்கான உதவித்தொகை, கியூபா மீதான அமெரிக்க வர்த்தகத் தடையால் இழுபட்டு, 20,000 டாலராக மரேரோ கைக்கு வந்தபோது நூறு வயது தாண்டிவிட்டது. காகிதம் என்றால் எல்லா ஊரிலும் இதே கதிதான். என் மதிப்பெண் சான்றிதழை முத்திரையிட்ட உறையில் போட்டு அனுப்ப ஒரு பல்கலைக்கழக அலுவலகம் மச்சானை நான்கு முறை அலையவிட்டது. நான்காம் முறை கிளார்க் சொன்னது: “உறை ஸ்டாக் இல்லை.” அது வேறு கதை, விடுங்கள்.

1999இல் மேஜர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் ஹவானாவுக்கு வந்தபோது சம்பிரதாயமாக முதல் பந்தை வீச மரேரோவை அழைத்தார்கள். வயது 87. ஒரு பந்தோடு இறங்குவார் என்று பார்த்தால், மனிதர் இன்னும் சில பந்துகள் வீசிவிட்டுத்தான் நகர்ந்தார். 2014இல், 103 நிறைய இரண்டு நாள் இருக்கும்போது காலமானார்.

பூங்காவில் அந்தப் பெரியவரும் ஒன்றோடு நிறுத்தவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி எங்களைக் கிளப்பிக்கொண்டு போனபோதும், கொக்குக் காலில் நின்று வீசிக்கொண்டுதான் இருந்தார். பெஞ்சிலிருந்த சுருட்டு அணைந்தே போயிருந்தது.