வடக்குச் சுவர் நம்மூருக்குச் சரிவராது

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் ஒரு வானிலைக் கருவி வாங்கி வந்து கொடுத்தாராம். வீட்டுக்குள் வைக்க ஒரு டிஸ்ப்ளே, வெளியே மாட்ட ஒயர் இல்லாத ஒரு சென்சார். கூடவே வந்த கையேட்டில் "வடக்குச் சுவரில் மாட்டவும்" என்று போட்டிருந்ததால், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் வடக்குப் பார்த்து ஆணியடித்து மாட்டிவிட்டார். மே மாத மதியத்தில் அது 46 டிகிரி காட்டுகிறது, செய்தியிலோ தஞ்சாவூருக்கு 39 என்கிறார்கள். போதாக்குறைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு வருகிறது. "சென்சார் பழுதா, நான் மாட்டிய இடம் தப்பா?"

இடம்தான் தப்பு. சென்சார் பொய் சொல்லவில்லை, அது இருக்கிற இடத்தின் சூட்டைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது காற்றின் சூடு, அது காட்டுவது வெயில் குடித்த பிளாஸ்டிக் டப்பாவின் சூடும் பக்கத்துச் சிமெண்டின் சூடும் சேர்ந்த ஒன்று.

கையேட்டில் இருக்கும் வடக்குச் சுவர் கதையை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், அதனால் அங்கே வடக்குச் சுவர் பெரும்பாலும் நிழல். தஞ்சாவூர் கிட்டத்தட்ட 10.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போனால் ஆவணி முதல் வாரம் வாக்கில்தான் திரும்பி வரும். அந்த நாலு மாதமும் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை வடக்கில்தான் இருக்கும், கத்திரி வெயில் முழுக்க அதற்குள் அடக்கம். உச்சிவேளையில் சன்ஷேடு இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் காலையிலும் சாயங்காலமும் சாய்ந்து வரும் வெயிலை எந்த சன்ஷேடு தடுக்கும்? சுவர் மேல் அது சாய்வாகப் பட்டாலும், சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் சென்சாரின் பக்கவாட்டில் முழுசாக விழும். மார்கழியில் அதே சுவரில் ஒரு பொட்டு வெயில் விழாது. ஆக, குளிர்காலத்தில் சரியாகவும் கோடையில் தப்பாகவும் காட்டும் ஒரு இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்!

மொட்டைமாடி அதைவிட மோசம். பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரி பத்து மணி வரைக்கும் விட்டுக்கொண்டிருக்கும், வெறுங்காலோடு மாடியில் நடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, எங்கே மாட்டுவது? கொல்லைப்புறம். வானிலை நிலையங்களில் வெப்பநிலையைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து போகிற வெள்ளை மரப்பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர், நாலு பக்கமும் சாய்வுப் பலகை அடித்திருக்கும். நீங்களும் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் போனால் போதும். ஒரு சவுக்குக் கம்பை இரண்டடி ஆழத்தில் நட்டு, ஐந்தடி உயரத்தில் சென்சார் வருகிற மாதிரி செய்யுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பதினைந்தடியாவது தள்ளி இருக்கட்டும், கீழே சிமெண்ட் தரையாக இல்லாமல் மண்ணோ புல்லோ இருக்கட்டும். ஏசியின் வெளிப்பெட்டி பக்கம் வேண்டாம். தென்னைக்கு நேர் கீழேயும் வேண்டாம், ஒரு மட்டை விழுந்தால் கதை முடிந்தது. மாட்டுக் கொட்டகை நிழலாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நான் முதன்முதலில் அங்கேதான் தொங்கவிட்டேன், தகரக் கூரையின் அனல் மேலே, மாடுகளின் மூச்சும் மூத்திர ஈரமும் கீழே. ஒரு மாதம் பக்கம் பக்கமாக எழுதி வைத்த கணக்கைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

கம்பில் வெறுமனே மாட்டினால் வெயில் அடிக்கும், அதனால் ஒரு நிழல் கூண்டு அவசியம். கடையில் கிடைக்கிறது, ஆனால் வீட்டிலேயே செய்யலாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஏழெட்டு வாங்குங்கள். மேலே வரும் இரண்டை மட்டும் முழுசாக விட்டு, மற்றதில் சென்சார் நுழையும் அளவுக்கு நடுவில் வட்டமாக வெட்டுங்கள். கவிழ்த்த வாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக, மூன்று மெல்லிய மரைக் கம்பிகளில் கோத்து, தட்டுக்குத் தட்டு இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இடைவெளிக்குக் காலி பேனாக் குழாயை வெட்டிப் போட்டால் போதும். வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று எல்லாப் பக்கமும் புகும். தகரத்திலோ அலுமினியத்திலோ செய்ய வேண்டாம், அது சூடும் ஏறும், சிக்னலையும் தடுக்கும். எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. ஒன்று சொல்லிவிடுகிறேன், காற்றே அசையாத பிற்பகலில் இந்தக் கூண்டும் ஒன்றிரண்டு டிகிரி கூடக் காட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சின்ன ஃபேன் வைத்த கூண்டு, உங்கள் தேவைக்கு அது அதிகம்.

இப்போது அந்தக் கோடு. ராத்திரி மட்டும் வருகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் டிஸ்ப்ளே இருக்கும் இடத்தின் மேல்தான். டிவிக்குப் பக்கத்திலோ, இன்வெர்ட்டர் மேலோ, ஃப்ரிட்ஜ் மேலோ வைத்திருப்பீர்கள். சாயங்காலம் இவையும் விலை மலிவான எல்இடி பல்புகளும் ஓட ஆரம்பித்ததும் அவை கிளப்பும் ரேடியோ இரைச்சலில் சென்சாரின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். கொல்லைப்புற ஜன்னலோரம் மாற்றி வையுங்கள். அட்டைப்பெட்டியில் சிக்னல் எட்டும் தூரம் நூறு மீட்டர் என்று போட்டிருப்பது திறந்த வெளிக்கான கணக்கு, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று குறுக்கே வந்தாலே பெரும்பகுதி போய்விடும். சென்சார் படுக்காமல் நிமிர்ந்து நிற்கட்டும். அப்புறம், அமெரிக்க செட் என்பதால் பின்புறம் அலைவரிசையைப் பாருங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் என்றால் கவலையில்லை. 915 என்றால் அங்கே அது பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது, இங்கே செல்போன் அலைவரிசையை ஒட்டியது, அதற்கு வேறு செட் வாங்குவதே நல்லது.

இணைப்பது பெரிய வித்தையில்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் வைத்து, கையேடு சொல்கிற வரிசையில் பேட்டரி போட்டு, இரண்டிலும் ஒரே சேனல் எண்ணை வைத்து, எண் வந்த பிறகு கொல்லைக்குக் கொண்டுபோங்கள். பேட்டரி மாற்றினால் பல மாடல்களில் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், பழுதென்று பயப்படாதீர்கள்.

மாட்டும் முன் ஒரு ராத்திரி டிஸ்ப்ளேயையும் சென்சாரையும் ஒரே அறையில் பக்கத்தில் வையுங்கள், டிஸ்ப்ளே காட்டும் அறைச் சூடும் சென்சாரின் சூடும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போனால் சரி. ஈரப்பதத்துக்கு உப்புச் சோதனை. ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமண் மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சென்சாரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு மூடி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிழலில் விடுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும், ஐந்து அப்படி இப்படி இருந்தால் தள்ளிவிடலாம். வேதாரண்யத்துக் கல் உப்பு இதற்கு ஆகாது. ஐப்பசியில் ஜாடிக்குள்ளேயே கசிந்து ஒழுகுமே, அதில் இருக்கிற மெக்னீசிய உப்பு இந்த எண்ணையும் இறக்கிவிடும்.

குறுவைக்குத் தண்ணீர் வந்து பக்கத்து வயலில் நடவு ஆனதும் உங்கள் எண் செய்தியில் சொல்வதைவிடக் குறையலாம். அது பிழையில்லை, வயல் தண்ணீர் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது.

எறும்பும் குளவியும்தான் பாக்கி. இந்தத் தட்டுக் கூண்டு மாதிரி குளவிக்குப் பிடித்த வீடு இல்லை, மண்கூடு அடைத்துவிட்டால் காற்றோட்டம் போய்விடும். கம்பின் நடுவில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. ஆயுத பூஜைக்கு வண்டியையும் மோட்டாரையும் துடைக்கும்போது இதையும் இறக்கித் தட்டுகளைக் கழுவி, பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டி, லேசாக வாசலின் தடவிப் புது பேட்டரி போட்டுவிடுங்கள், அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நிற்க வேண்டியிருக்காது.