1886இல் குடியேறியவர் ஹார்னி கவுன்ட்டிப் பதிவில் ஏன் இல்லை?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1886இல் குடியேறிய குடும்பத்தின் நில ஆவணம் ஹார்னி கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது) கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அப்போது அந்தக் கவுன்ட்டியே கிடையாது. கிராண்ட் கவுன்ட்டியிலிருந்து 1889இல்தான் பிரித்தார்கள். முந்தைய பத்திரங்களை கிராண்ட் கவுன்ட்டியின் தலைநகரான கேன்யன் சிட்டியில் தேடுங்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்ப வேண்டாம். 1921 தீ விபத்துக்குப் பின் அதில் மிஞ்சியது சொற்பம்.

பலர் சறுக்குவது பட்டா தேதியில். குடியேறுவோருக்கு அரசு நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கருக்கு மனுப் போட்டு, ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்ட பிறகே பட்டா. ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முன்கூட்டியே வாங்கியவர்களும் உண்டு. பாதியில் விட்டுப் போனவர்கள் பட்டாத் தேடலில் வரவே மாட்டார்கள். அவர்களுக்கு நில அலுவலகத்தின் டிராக்ட் புத்தகம்தான் (நிலவாரியாக மனுக்களைப் பதிந்த பேரேடு) வழி.

பட்டா கிடைத்தால் அதோடு நிற்காதீர்கள். நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்றிதழ் எண், நிலம் இருக்கும் இடத்தைக் காட்டும் சர்வே எண்களான டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். வீட்டின் அளவு, வேலி, உழுத ஏக்கர், குடியேறிய நாள் எல்லாம் சாட்சிகளின் வாக்குமூலத்தில் இருக்கும். சாட்சிகள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள், அவர்கள் பெயரையும் தேடிப் பாருங்கள்.